கொடுக்கிறவருக்கும் ஒரு சிட்டை

பள்ளத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "என் மனைவிக்கு 38 வயது. அவளுடைய அண்ணனுக்குச் சர்க்கரையால் இரண்டு கிட்னியும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவி தன் கிட்னி ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். மதுரையில் டெஸ்ட் எல்லாம் ஆரம்பித்தாயிற்று. வீட்டில் அண்ணன் பேச்சாகவே இருக்கிறது. இவளுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டால், ஒரு கிட்னியே போதும், ஒன்றும் ஆகாது என்கிறார்கள். அது உண்மைதானா? இவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள நான் என்ன செய்ய வேண்டும்?"

தம்பி, நான் டாக்டர் இல்லை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக ரொம்ப வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருக்கிறேன். வாங்குகிறவரைப் பற்றிக் கேட்க என் அறைக்கு வந்த உறவுகளுக்குக் கணக்கே இல்லை. கொடுக்கிறவரைப் பற்றிக் கேட்பதற்கென்றே வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"ஒரு கிட்னி போதும்" என்பது உண்மை. "ஒன்றும் ஆகாது" என்பது உண்மையில்லை.

போதும் என்பதற்குச் சாட்சி நிறைய. 1954-ல் பாஸ்டனில் ரொனால்ட் ஹெரிக் என்பவர் தன் இரட்டைச் சகோதரருக்குக் கிட்னி கொடுத்தார். வெற்றி பெற்ற முதல் கிட்னி மாற்று அதுதான். கொடுத்தவர் அதன்பிறகு 56 வருடம் வாழ்ந்து 2010-ல், 79 வயதில் காலமானார். ஒன்றை எடுத்ததும் மிச்சமிருக்கிற கிட்னி கொஞ்சம் பெருத்து, கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். முன்பு இரண்டும் சேர்ந்து பார்த்த வேலையில் ஏறத்தாழ எழுபது சதவீதத்தை அது ஒன்றே பார்க்கும். அன்றாடத்துக்கு அது தாராளம்.

ஆபத்து என்று பார்த்தால், ஆபரேஷனிலும் அதையொட்டிய மூன்று மாதத்திலும் உயிர் போவது, அமெரிக்காவின் பழைய கணக்குப்படி பத்தாயிரம் பேரில் மூவர். அண்மைக் கணக்கில் அது ஒருவராகக் குறைந்திருக்கிறது. கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுப்பது இதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. அங்கே கணக்கை ஆயிரத்தில்தான் சொல்வார்கள், ஆயிரத்துக்கு ஒருவரிலிருந்து ஐவர் வரை. யாராவது இரண்டையும் ஒரே மூச்சில் "சின்ன ஆபரேஷன்தான்" என்றால் நம்பாதீர்கள்.

உங்கள் மனைவி விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது ஆபரேஷன் நாளைப் பற்றி அல்ல, அவருடைய அறுபதாவது, எழுபதாவது வயதைப் பற்றி. 2014-ல் அமெரிக்காவில் கிட்னி கொடுத்த 96,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. கொடுத்தவர்களுக்கு வாழ்நாளில் கிட்னி முற்றிலும் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்துக்கு 90 என்று அதில் கணித்திருந்தார்கள். எந்தச் சோதனையும் செய்யாத பொது ஜனங்களுக்கு அது 326. உடனே டாக்டர்கள் என்ன சொல்வார்கள்? "பாருங்கள், கொடுத்தவர்கள் சாதாரண ஜனங்களைவிட நன்றாகவே இருக்கிறார்கள்." கேட்கத் தெம்பாக இருக்கும். ஆனால் கொடுக்க வருபவர் சாதாரண ஜனம் இல்லையே. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிறுநீரில் புரதம் இல்லை என்று சல்லடை போட்டுச் சலித்து எடுத்தவர். அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கிட்னி கொடுக்காதவர்களுக்கு அந்த எண் 14. ஒப்பிட வேண்டியது 90-ஐ 14-ஓடு. 90 என்றாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, அது சின்ன எண்தான். ஆனால் ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது என்பதை அவரிடம் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. 38 வயது என்கிறீர்கள். இன்னொரு குழந்தை பெறும் யோசனை உண்டா? கனடாவில் 2015-ல் வெளியான ஆய்வில், கிட்னி கொடுத்த பிறகு கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்குக் கர்ப்பகால ரத்த அழுத்தமோ அதன் கடுமையான வடிவமோ வந்தது. கொடுக்காத பெண்களில் ஐந்து பேருக்கு. யோசனை இருந்தால் அதை டாக்டரிடம் இப்போதே சொல்ல வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் முன்னால் இதை யாரும் எடுக்க மாட்டார்கள், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர் வீடுகளில் முடிவு எங்கே நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முகப்பில் ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்கு ஆள் போய், "தங்கச்சி தர்றேன்னு சொல்லிருச்சு" என்ற செய்தி திரும்பி வரும். தங்கச்சி எப்போது சொன்னது, யாரிடம் சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. இந்த நாட்டில் 2019 முதல் 2023 வரை உயிரோடு உறுப்பு கொடுத்தவர்களில் நூற்றுக்கு 63, 64 பேர் பெண்கள். அவர்களில் எத்தனை பேர் தாமாக வாய் திறந்து சொன்னார்களோ!

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். மாமனார், மாமியார், கணவர், அண்ணன் எல்லோரும் என் அறைக்கு வந்துவிட்டார்கள். நான் என்ன கேட்டாலும் மாமியார்தான் பதில். "ஆதார் கார்டு ஜெராக்ஸ் மூன்று செட் வேண்டும், கீழே கடை இருக்கிறது" என்று கணவரை அனுப்பினேன். பெரியவர்கள் இருவரையும் காப்பி குடித்துவிட்டு வரச் சொன்னேன். அண்ணனுக்கு அந்த நேரம் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் அந்தப் பெண் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "அக்கா, நான் வேண்டாம்னு சொன்னா வெளியில என்னன்னு சொல்லுவீங்க?" பொருந்தவில்லை என்று மட்டும் சொல்லுவோம், காரணம் ஃபைலோடு இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அப்படின்னா நான் தர்றேன்" என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், தருகிறேன் என்பது அவருடைய சொந்த வார்த்தையானது.

இந்தத் தனி அறைப் பேச்சு ஆஸ்பத்திரி காட்டும் கருணை அல்ல. மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளிலேயே, கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவருடைய அடையாளத்தையும் சுயமான சம்மதத்தையும் வாங்குபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. வாங்குபவரைப் பார்க்கும் டாக்டர் குழுவில் சேராமல், கொடுப்பவரின் பக்கம் மட்டும் நின்று கேள்வி கேட்பவர். நம் ஊரில் அப்படி ஒருவரை உட்கார வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் குறைவு. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் அதுதான். அதுவரைக்கும் நீங்கள் கேட்டு வாங்குங்கள்: "என் மனைவியிடம் நான்கூட இல்லாமல் ஒருமுறை தனியாகப் பேசுங்கள். அண்ணனைப் பார்க்காத ஒரு கிட்னி டாக்டர் இவளைப் பார்க்கட்டும்." மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரைக்கும் மனம் மாறலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேறு வழி பார்த்தார்களா என்றும் கேளுங்கள். அண்ணனின் மனைவிக்கு டெஸ்ட் எடுத்தார்களா? கணவன் மனைவி சட்டப்படி நெருங்கிய உறவுதான். ரத்த குரூப் சேராவிட்டால், அதே சிக்கலில் இருக்கும் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ள 2011 திருத்தம் இடம் தருகிறது. நீங்களே தரலாமே என்று தோன்றினால், மச்சான் உறவு அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதிக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், அதற்கு நாளாகும். அப்புறம், மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்காகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் அண்ணன் பெயரைப் பதிந்தார்களா? 2024-ல் மட்டும் தமிழ்நாட்டில் 268 பேரின் குடும்பங்கள் அப்படிக் கொடுத்திருக்கின்றன. தங்கை தருகிறாள் என்றதும் பதிவதையே மறந்துவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மனைவிக்கு ஏதாவது டெஸ்டில் வேண்டாம் என்று வந்தால், அந்த மாதங்கள் வீணாகப் போயிருக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, குடும்பமா? அப்படியென்றால் பத்திரம் ஒரு உறவைச் சொல்லும், ரத்தம் இன்னொரு உறவைச் சொல்லும். அதை முதல் நாளே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரிந்தால் எல்லாம் நின்றுபோகும்.

இனி டெஸ்ட். ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் 0.7 என்று வந்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். ஒல்லியான, தசை குறைந்த பெண்களுக்கு அந்த எண் எப்போதும் அழகாகத்தான் வரும். கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்பதை டிடிபிஏ ஸ்கேன் மாதிரி ஒன்றால் அளந்திருக்க வேண்டும். 90-க்கு மேல் இருந்தால் நல்லது, 60-க்குக் கீழே என்றால் கொடுக்கவே கூடாது, நடுவில் என்றால் வயதையும் மற்றதையும் வைத்து யோசிக்க வேண்டும் என்பது உலக அளவில் 2017-ல் வந்த வழிகாட்டுதல். அந்த ஸ்கேன் இடது வலது இரண்டும் எவ்வளவு வேலை செய்கின்றன என்றும் சொல்லும். நல்ல கிட்னி கொடுப்பவரிடமே இருக்க வேண்டும். இந்த விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது "சர்க்கரையால்" என்ற வார்த்தை. அண்ணனுக்குச் சர்க்கரை வந்து கிட்னி போயிருக்கிறது. தங்கைக்கும் அதே அப்பா அம்மா. இன்று வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கிறது என்பது போதாது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்டும் மூன்று மாதச் சராசரியும் எடுக்க வேண்டும். பிரசவ காலத்தில் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்ததா என்று யாராவது கேட்டார்களா? ஏறியிருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவர் அம்மாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கிற எண் ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு வந்தால் பரவாயில்லை என்று விடலாம். முப்பத்தெட்டுக்கு முன்னால் இன்னும் நாற்பது வருடம் கிடக்கிறது.

ஆபரேஷனைப் பற்றி ஒரே ஒரு விஷயம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கொடுத்தவர்கள் சிலரின் உயிர் போனது அங்கேதான். கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடும் குழாய். சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் அதை வெட்டுவதற்கு முன் உடம்புப் பக்கத்து முனையை அடைக்க வேண்டும். பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கிளிப் போட்டு அடைப்பது சுலபம், மலிவு. ஆனால் வாங்குபவர் உடம்பில் தைப்பதற்குக் குழாய் நீளமாக வேண்டும் என்று கிட்னிப் பக்கம் அதிகம் விட்டு வெட்டுவார்கள். கொடுப்பவர் பக்கம் மிஞ்சுவது சில மில்லிமீட்டர் அடிக்கட்டை. அந்தக் குட்டை முனையிலிருந்து கிளிப் வழுக்கிவிட்டால் நிமிடக் கணக்கில் ஆள் போய்விடும். அப்படிச் சாவுகள் நடந்தன. கிட்னி தானத்தில் அந்தக் கிளிப்பைப் போடவே கூடாது என்று அதைத் தயாரித்த நிறுவனமே 2006-ல் அறிவித்தது. அதற்குப் பிறகும் போட்டார்கள், சாவும் நிற்கவில்லை. 2011-ல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பவும் எச்சரித்தது. குழாய்ச் சுவரையே பிடித்துத் தைக்கிற ஸ்டேப்ளரோ தையலோதான் நம்பகமானது. அந்தச் சில மில்லிமீட்டர் யாருக்கு என்ற இடத்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். சர்ஜனிடம் மரியாதையாகவே கேட்கலாம்: "ரத்தக்குழாயை எதை வைத்து அடைப்பீர்கள் சார்?" நல்ல சர்ஜன் கோபப்பட மாட்டார், படம் போட்டே விளக்குவார்.

அன்று ராத்திரி இன்னொன்று நடக்கும். அண்ணன் ஐசியுவில் இருப்பார், மொத்த உறவும் அந்தக் கண்ணாடிக் கதவு வாசலில் நிற்கும். எத்தனை சொட்டுச் சிறுநீர் வந்தது என்று வாட்ஸப்பில் பர்மா, மலேசியா வரைக்கும் செய்தி ஓடும். மேல் மாடியில் கொடுத்தவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு வயசான அப்பத்தா உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருப்பார். நீங்கள் அங்கே இருங்கள். நாடி வேகமாகிக்கொண்டே போவது, முகம் வெளுத்து வியர்ப்பது, படுத்தபடியே தலைசுற்றுகிறது என்பது, இனம் தெரியாத தவிப்பு, சிறுநீர் குறைவது, இவையெல்லாம் உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம், ஒன்று தெரிந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். பிரஷர் இறங்குவது கடைசியில்தான், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மறுநாள் டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நடக்கட்டும். காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறாமல் இருக்க அதுதான் மருந்து.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், வாங்கியவர் வீட்டுக்குப் போகும்போது அரை அங்குலம் தடிமனில் வண்ண ஃபைல், மாத்திரை அட்டவணை, இருபத்து நாலு மணி நேர போன் நம்பர் எல்லாம் கொடுப்போம். கொடுத்தவர் கையில் ஒரே ஒரு தாள். "பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வரவும்." அவ்வளவுதான். அதை மாற்றச் சொல்லி இரண்டு வருடம் எழுதினேன், மாறவில்லை. அப்படித் தாளோடு போன ஒருவரைப் பிறகு காரைக்குடியில் ஒரு மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனாக் அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டிருந்தார், ஐந்தாறு மாதமாகவாம். அது இருக்கிற ஒற்றைக் கிட்னியையும் கெடுக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாராசிட்டமால் பரவாயில்லை. டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரைகளும், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பஸ்பங்களும் வேண்டாம்.

கல்யாணத்துக்கு முறைச்சிட்டை எழுதுகிற ஊர் நம்முடையது. வெள்ளிச் சாமான், எவர்சில்வர், மங்குச் சாமான், கடைசிக் கரண்டி வரை ஒன்று விடாமல் எழுதி வைப்போம். உடம்பிலிருந்து ஒரு கிட்னியை எடுத்துக் கொடுக்கிறவருக்கு ஒரு சிட்டை எழுத நமக்குத் தோன்றுவதில்லை. ஒரு நீள நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஆபரேஷனுக்கு முந்தைய பிரஷர், எடை, கிரியாட்டினின், சிறுநீர் ஆல்புமின் (சிறுநீரில் போகும் புரதம்). அமெரிக்காவில் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கொடுத்தவரின் நிலையை ஆஸ்பத்திரி கட்டாயம் பதிய வேண்டும். இங்கே அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். ஆறாம் மாதம் ஒருமுறை, அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே நாலு எண். இதற்கு மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, காரைக்குடி லேபிலேயே முடியும். ஆல்புமினோ பிரஷரோ ஏறினாலும், ஆறாம் மாதம் இருந்த கிரியாட்டினின் பிறகு ஏறிக்கொண்டே போனாலும் கிட்னி டாக்டரிடம் போங்கள்.

அந்தச் சிட்டையில் பணத்தையும் எழுதுங்கள், கூச்சப்படாமல். சட்டம் தடுப்பது விற்பனையை. கொடுப்பதால் நேரடியாக ஏற்படும் செலவையும் வேலைக்குப் போகாததால் வரும் வருமான இழப்பையும் ஈடுகட்டுவது விற்பனை ஆகாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால், மத்திய அரசு ஊழியர்களுக்கு 2023 முதல் 42 நாள் சிறப்பு விடுப்பு இருக்கிறது. தனியாரில் முதலாளியின் மனசுதான். வீட்டிலேயே இருப்பவர் என்றால் சமையலும் தண்ணீர்க் குடமும் யார் பொறுப்பு என்பதை இப்போதே பேசுங்கள். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஈர மாவுக் கிரைண்டர் கல்லும் அதில் சேர்த்திதான். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, கொடுப்பவருக்குப் பின்னால் வரும் சிக்கலுக்கும் பணம் வருமா, உறுப்பை எடுக்கும் செலவோடு நின்றுவிடுகிறதா என்று படித்துப் பாருங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

பணத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று எவனாவது அண்ணனிடம் வந்தால் விரட்டிவிடுங்கள். சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை விசாரித்த ஆய்வு 2002-ல் வந்தது. கிட்டத்தட்ட எல்லோரும் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். விற்ற பிறகும் முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவில்லை, குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் போயிருந்தது. 2025-ல் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கிட்னி விற்ற விஷயம் பேப்பரில் வந்ததைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழியில் போனவர்களுக்குச் சிட்டையும் கிடையாது, பிறகு பார்க்க டாக்டரும் கிடையாது.

குளுக்கோஸ் டெஸ்ட் முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், இரண்டு மணி நேர எண்ணையும் சிறுநீர் ஆல்புமின் எண்ணையும் சேர்த்து. அதற்குள் ஒருநாள் சாயங்காலம், வீட்டில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, இதைப் படித்துக் காட்டி அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.